60இல் ஓடினால் 42 காட்டும் மீற்றர்: பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு வேகமானி திருத்துவதும் பொருத்துவதும்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பப்பாவின் 350 சிசி பிஎஸ்ஏ, 1950களின் பிரித்தானிய மோட்டார் சைக்கிள், இத்தனை இடப்பெயர்வுக்கும் தப்பி இன்னும் வீட்டில் நிற்கிறது. அதிலிருந்த வேகமானி, ஸ்மித்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்து மீற்றர், மைல் கணக்கில் உள்ளது. முள் அசையாமல் நின்றுவிட்டதால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, லேத்தில் ஒரு இணைப்புக் கடைந்து, ஹொண்டா சிடி 125இன் மீற்றரைப் போட்டிருக்கிறார். இப்போது போனில் ஜீபிஎஸ் 60 காட்டும்போது மீற்றர் 42 காட்டுகிறதாம். ஹொண்டா மீற்றரைத் திறந்து முள்ளைத் தள்ளி வைத்தால் சரிவருமா, பழையதைத் திருத்த வழி உண்டா, இல்லாவிட்டால் எந்த மீற்றர் வாங்கினால் பொருந்தும் என்று கேட்கிறார்.

தம்பி, முள்ளில் கை வைக்காதேங்கோ. நீங்கள் தந்த இரண்டு எண்ணிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஜப்பான் மோட்டார் சைக்கிள் மீற்றர்கள் பொதுவாக ஒரே கணக்கில் செய்யப்பட்டவை. சில்லின் சுழற்சியை மீற்றருக்குக் கொண்டு வருகிற கேபிள் நிமிடத்துக்கு 1400 தரம் சுற்றினால் முள் 60இல் நிற்கும். 60இல் போகிற வண்டி ஒரு கிலோமீற்றரை ஒரு நிமிடத்தில் கடக்கும், ஆகவே கிலோமீற்றருக்கு 1400 சுற்று. உங்களுடையது 60க்கு 42 காட்டுகிறது, பத்தில் ஏழு பங்கு. 1400இல் பத்தில் ஏழு 980. அப்படியென்றால் உங்கள் பிஎஸ்ஏயின் கேபிள் கிலோமீற்றருக்கு 980 சுற்று வரையில் சுற்றுகிறது. 1.609ஆல் பெருக்கினால் மைலுக்கு 1577. இப்போது கழற்றி வைத்த ஸ்மித்ஸ் மீற்றரைத் துடைத்து, முகத்தின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கோ. 1600 என்று இருந்தால் வண்டியில் ஒரு பிழையும் இல்லை. ஹொண்டா மீற்றரிலும் பிழை இல்லை. மைலுக்கு 1600 கேட்கிற மீற்றருக்காகச் செய்த வண்டியில், கிலோமீற்றருக்கு 1400, அதாவது மைலுக்கு 2250 கேட்கிற மீற்றரை மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முள்ளைத் தள்ளி வைத்தால் என்ன நடக்கும்? 60இல் 18 குறைகிறது, எனவே 18 தள்ளி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தரம் 60இல் போகும்போது 60 காட்டும், உண்மைதான். ஆனால் வண்டி முற்றத்தில் நிற்கும்போதும் 18 காட்டும். 30இல் போனால் 39 காட்டும். இதைச் சரி என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிடுகிற கராஜ்களும் உண்டு.

மீற்றர் வேலைக்கு வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது, உள்ளே இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது என்பதைத்தான். ஒரே கேபிள், ஒரே அச்சு. அந்த அச்சிலிருந்து பல்லுச் சில்லுகள் வழியாகத் தூரம் எண்ணும் இலக்கங்கள் சுற்றுகின்றன. பல்லோடு பல்லுக் கவ்விப் போவதால் அதில் வழுக்கல் இல்லை, தேய்ந்தாலும் கணக்குப் பிசகாது, ஒன்றில் சரியாக எண்ணும் அல்லது நின்றுவிடும். முள் அப்படியில்லை. அதற்கும் அச்சுக்கும் நேர்த் தொடர்பே கிடையாது. காந்த மீற்றர் என்றால் அச்சின் தலையில் ஒரு காந்தம் சுற்றுகிறது, அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அது கிண்ணத்தையும் கூட இழுக்கப் பார்க்கிறது. தலைமயிர் போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமப்படுகிற இடத்தில் முள் நிற்கிறது. 1902இல் ஜெர்மனியில் ஒட்டோ சூல்ட்ச காப்புரிமை எடுத்த யோசனை இது. எங்கள் ஊரில் ஓடுகிற எம்டி 90 வரைக்கும் அதேதான்.

ஆகவே தூரக் கணக்கு சொல்வது கேபிளின் உண்மை, முள் சொல்வது காந்தத்தினதும் வில்லினதும் அபிப்பிராயம். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தால் திறக்காமலே பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

சோதனைக்கு எங்கள் பக்கத்து வீதிகள் நல்ல வசதி. ஏ9இல் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் நேர் வீதி. உங்களுக்குப் பரந்தன் முல்லைத்தீவு வீதி, ஏ35, வாசலிலேயே இருக்கிறது. விடியப்புறம் வாகனம் குறைந்த நேரம் பார்த்து, ஒரு கிலோமீற்றர் கட்டையில் தொடங்கிப் பத்துக் கட்டை ஓடுங்கோ. ஒரு கட்டையிலிருந்து அடுத்ததை மட்டும் நம்பவேண்டாம், வீதி திருத்தும்போது ஒன்றிரண்டு தள்ளி நட்டிருக்கலாம். பத்தில் அந்தப் பிழை கரைந்துவிடும். கிலோமீற்றர் மீற்றர் 10 கூட்ட வேண்டும், மைல் மீற்றர் 6.2 கூட்ட வேண்டும். (கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று சனம் சொல்கிற இடம் மைல் கணக்கு. கண்டியிலிருந்து 155 மைல், கிலோமீற்றரில் ஏறத்தாழ 250. பழைய பெயரையும் புதிய கல்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மீற்றர் பிழை என்று வந்தவர்களும் உண்டு.) அதே ஓட்டத்தில் 30இலும் 60இலும் முள் என்ன சொல்கிறது என்பதை ஜீபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கோ. இன்னொருவர் பின்னால் இருந்து எழுதினால் நல்லது.

தூரமும் வேகமும் ஒரே விகிதத்தில் பிழை என்றால், 10க்கு 7 என்றும், உங்களுடையதைப் போல 60க்கு 42 என்றும் வந்தால், மீற்றரைத் திறப்பது வீண் வேலை. வண்டியும் மீற்றரும் வேறு வேறு கணக்கு. தூரம் சரியாக இருந்து முள் மட்டும் பிழை என்றால் பழுது மீற்றருக்குள்ளே. அதிலும் ஒரு பிரிவு உண்டு. 30இலும் 5 கூட, 60இலும் 5 கூட என்றால் முள் இடம் மாறிக் குத்தப்பட்டிருக்கிறது அல்லது சுருள்வில்லின் பிடி நகர்ந்திருக்கிறது. 30இல் 3 குறைவு, 60இல் 6 குறைவு என்று வேகத்தோடு சேர்ந்து பிழையும் வளர்ந்தால் காந்தம் களைத்துவிட்டது. முள் செத்து இலக்கம் ஓடினாலும், இலக்கம் செத்து முள் ஓடினாலும் உள்ளேதான் பழுது. இரண்டும் செத்தால் முதலில் கேபிளைப் பாருங்கோ. இங்கே உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி: ஸ்மித்ஸ் மீற்றரில் முள் நின்றபோது மைல் இலக்கம் ஓடிக்கொண்டிருந்ததா? இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால் அந்த மீற்றரில் ஒரு பழுதும் இல்லாமலும் இருக்கலாம்.

வண்டி கொடுக்கிற கணக்கை ஊகிக்காமல் எண்ணி எடுக்கலாம். கேபிளை மீற்றர்ப் பக்கம் கழற்றுங்கோ. உள்கம்பியின் நுனியில் ஒரு சிறு காகிதக் கொடியை ஒட்டுங்கோ. ரயரின் பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு, நிலத்தில் ஒரு கோடு. ரயருக்குச் சரியான காற்று அடித்து, ஒருவர் வண்டியில் இருக்க, மற்றவர் மெல்லத் தள்ள, கேபிள் வருகிற சில்லு பத்துச் சுற்று உருள வேண்டும். ஆள் இருப்பது முக்கியம், பாரத்தில் ரயர் அமரும், சுற்றளவு குறையும். போன தூரத்தை நிலத்தில் மீற்றர் நீளக் கணக்கில் அளந்து, கொடி சுற்றிய எண்ணிக்கையை ஆயிரத்தால் பெருக்கி அந்தத் தூரத்தால் பிரித்தால் கிலோமீற்றருக்கு எத்தனை சுற்று என்பது வரும். 3.25-19 ரயரில் பத்துச் சுற்றுக்கு 20 மீற்றர் வரையில் போகும். கொடி 20 தரம் சுற்றினால் 20000ஐ 20ஆல் பிரிக்க 1000. மைலுக்கு 1609. ஸ்மித்ஸ் 1600க்கு இதைவிடப் பொருத்தம் தேவையில்லை.

அந்த 20 தற்செயலாக வந்ததல்ல. பின்சில்லு அச்சில் கோர்த்திருக்கிற ஸ்மித்ஸ் சிறு கியர்ப்பெட்டியைச் சேறு போகக் கழுவினால் 2:1 என்றோ 15:12 என்றோ பொறித்திருக்கும். முதலாவதில் சில்லின் ஒரு சுற்றுக்குக் கேபிள் இரண்டு சுற்று. இரண்டாவதில் ஒன்றேகால் சுற்று, அது மைலுக்கு 1000 கேட்கிற பிந்திய காந்த மீற்றர்களுக்கு. பின்சில்லுப் பெட்டி தேய்ந்துபோய் யாரோ மற்றதை வாங்கிப் போட்டிருந்தால், எவ்வளவு நல்ல மீற்றர் போட்டாலும் சரிவராது. சில வண்டிகளில் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வரும். அவற்றில் ஸ்புறொக்கெற் பல்லை மாற்றினால் மீற்றரும் மாறும். வயல் வேலைக்கு இழுவை வேண்டும் என்று முன் ஸ்புறொக்கெற்றைச் சின்னதாக்குகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, அதனால் சொல்கிறேன். முன்சில்லிலிருந்து வருகிற ஹொண்டா, எம்டி 90, இந்திய புல்லட் போன்றவற்றில் ஸ்புறொக்கெற் எதுவாக இருந்தாலும் மீற்றருக்குக் கவலையில்லை. ஆனால் முன் ரிம்மை மாற்றினால் கவலைப்பட வேண்டும். 3.25-19க்குப் பதிலாக 2.75-18 போட்டால் சுற்றளவு எட்டு வீதம் குறையும், மீற்றர் எட்டு வீதம் கூடக் காட்டும். தேய்ந்த ரயர் ஒன்று இரண்டு வீதம்தான் செய்யும், அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

கேபிளில் நான் காண்கிற பிழைகளில் பாதி, கிறீஸ் கூடிப் போனதால் வருவது. முறுக்கிய கம்பி சுற்றும்போது தன்னோடு ஒயிலை மேலே ஏற்றும். அது மீற்றருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் படிந்தால் முள் பாய்ந்து கூடக் காட்டும், திரும்பி இறங்கவும் பஞ்சிப்படும். உள்கம்பியை முழுதாக வெளியே எடுத்துப் பெற்றோலில் கழுவிக் காயவிட்டு, கீழ் முக்கால் பங்குக்கு மெல்லிய கிறீஸ் விரலால் தடவினால் போதும். மேல் ஒரு சாண் வெறுமையாக இருக்க வேண்டும். கம்பி நெளிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டில் உருட்டுங்கோ, துள்ளினால் எறியுங்கோ. முள் 20, 30இல் ஆடுவதற்கு மீற்றரைத் திருத்தக் கொண்டு வருகிறவர்களில் அநேகருக்கு இந்தத் துள்ளுகிற கம்பிதான் காரணம். அடுத்தது நீளம். கீழ் நுனி சரியாகக் கவ்வியிருக்கும்போது மேல் நுனி உறையை விட்டு 10 மில்லிமீற்றர் வரையில் வெளியே நிற்க வேண்டும். கூடினால் மீற்றரின் அச்சை மேலே தள்ளி அரைத்துவிடும். குறைந்தால் கவ்வாமல் வழுக்கும். லேத்தில் கடைந்த இணைப்புகளில் இந்தப் பிழை வழக்கம், உங்களுடையதையும் அளந்து பாருங்கோ.

இனித் திறக்கிற கதை. ஹொண்டா வகையில் கண்ணாடியைப் பிடிக்கும் வளையம் மடித்து நசுக்கப்பட்டது. மொட்டை ஸ்குறூடிறைவரால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் கிழியும். உள்ளே போனதும் முள்ளைப் பிடுங்க அவசரப்படாதேங்கோ. முள் பூச்சியத்தில் ஒரு சிறு ஆணியில் சாய்ந்திருக்கும். அதுதான் அதன் ஓய்விடம் என்று நினைக்கவேண்டாம். வில் அதை ஆணியில் அழுத்திப் பிடித்திருக்கிறது. முள்ளை மெல்ல உயர்த்தி ஆணிக்கு மேலாகக் கடத்தி விட்டால் அது இன்னும் கொஞ்சம் கீழே போய்த் தானாக நிற்கும். அந்த இடத்தைப் பென்சிலால் முகத்தில் புள்ளியிட்டு வையுங்கோ. திரும்பக் குத்தும்போது அந்தப் புள்ளியில் குத்தி, பிறகு ஆணிக்கு மேலாக இந்தப் பக்கம் எடுக்க வேண்டும். இந்த ஒரு புள்ளி போடாததால் கெட்ட மீற்றர்கள் எத்தனை! பிடுங்கும்போது இரண்டு தேக்கரண்டியை இருபுறமும் கொடுத்து, கீழே கடதாசி வைத்து, நேர் மேலே தூக்க வேண்டும். திருகினால் சுருள்வில் போய்விடும், அதற்கு மாற்று கிடைக்காது.

கிண்ணத்தைத் தூக்கினால் காந்தத்தின் ஓரத்தில் கறுப்பு மயிர்போல ஏதாவது நிற்கும். அது தேய்மானத்தில் வந்த இரும்புத் துகள். இடைவெளி அவ்வளவு சின்னது, ஒரு துகள் நிமிர்ந்து நின்றாலே கிண்ணத்தில் உரசி முள்ளைத் துள்ள வைக்கும். ஊதினாலும் போகாது, தூரிகைக்கும் வராது. செலோரேப்பை விரலில் சுற்றி ஒற்றி எடுங்கோ. காந்தத்தின் மேல் மெல்லிய தகட்டு வளையம் ஒன்று இருந்தால் அதை ஊத்தை என்று நினைத்து எடுக்கவேண்டாம், அது வெயிலில் இழுப்புக் குறைவதை ஈடுகட்டுவதற்காக வைத்தது. பங்குனி சித்திரையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் மீற்றர் தொட முடியாமல் சுடும். அந்தத் தகடு இல்லாவிட்டால் காலையில் ஒன்று, மத்தியானத்தில் ஒன்று காட்டும்.

சோதிக்க ஒரு டிறில் போதும். உள்கம்பித் துண்டு ஒன்றின் ஒரு நுனியை டிறிலிலும் மற்றதை மீற்றரிலும் கொடுத்துச் சுற்றுங்கோ. டிறிலின் வேகத்தை லேசர் மானியால் அளக்கலாம், இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் மைலுக்கு 1600 மீற்றர் 37.5 காட்ட வேண்டும். கிலோமீற்றருக்கு 1000 மீற்றர் 60 காட்ட வேண்டும். ஹொண்டா 43க்குக் கிட்ட நிற்கும். முள் ஆணியில் அழுந்திக்கொண்டே நின்றால் டிறிலைத் திருப்பி ஓடவிடுங்கோ, திசை பிழை. களைத்த காந்தத்துக்குத் திரும்ப உயிர் கொடுக்க அதற்கென்ற கருவி வேண்டும். அது இல்லாதவர்கள் வில்லின் பிடியை நகர்த்திச் சமாளிப்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு வேகத்தில் சரிவரும், மற்ற வேகங்களில் பிழைக்கும். நீங்கள் வழக்கமாக 40, 50இல் ஓடுகிறவர் என்றால் அந்த இடத்தில் சரி பார்த்துவிட்டு விடலாம். நான் அதைத் திருத்தம் என்று சொல்லமாட்டேன்.

உங்களுடைய ஸ்மித்ஸ் 1950களது என்றால் பெரும்பாலும் காந்தமே இல்லாத குரோனோமெற்றிக். ஸ்மித்ஸ் இதை 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வண்டிகளுக்குக் கொடுத்தது, பிறகு காந்தத்துக்கு மாறியது. இதற்குள் இருப்பது உண்மையில் ஒரு மணிக்கூடு. சமநிலைச் சில்லும் சுருள்வில்லும் டிக் டிக் என்று நேரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்க, ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் கேபிள் எத்தனை பல்லுச் சுற்றியது என்று எண்ணி முள்ளை அந்த இடத்தில் வைத்துவிடும். ஒரு செக்கனுக்குள் அடுத்த கணக்கு. அதனால் முள் வழுவழுவென்று ஏறாது, படிபடியாகத் தாவும். தாவுகிறது என்று பழுது பார்க்கக் கொண்டு வராதேங்கோ, அது அப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒயில் காய்ந்து பிசினாகி மணிக்கூட்டுப் பகுதி மெதுவாக ஓடினால் மீற்றர் குறைத்துக் காட்டும் என்றுதான் எவரும் நினைப்பர். நடப்பது மறுதலை. நேர வெட்டு நீளுகிறது, அதற்குள் கூடப் பல்லு எண்ணப்படுகிறது, முள் கூடக் காட்டுகிறது. தூரக் கணக்கு அப்போதும் சரியாகவே ஓடும். பத்துக் கட்டைச் சோதனை இதிலும் பொய்க்காது. சமநிலைச் சில்லு முழுதாக நின்றுவிட்டால் முள் இருந்த இடத்திலேயே கிடக்கும், மைல் இலக்கம் மட்டும் நகரும்.

இதைக் கராஜில் திறக்கக் கொடுக்கவேண்டாம். பழைய மேசை மணிக்கூடு, கைமணிக்கூடு திருத்தின கைகள் இன்னும் சிலர் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத எதுவும் இதற்குள் இல்லை. வளையம் புரியில் திருகியது. இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாமல், வண்டியின் பழைய ரியூப்பில் ஒரு பட்டி வெட்டிச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கோ. அதற்கு முன் ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்தால் பித்தளை விரிந்து விடும், எங்கள் வெயிலுக்கு வேறு சூடாக்கி தேவையில்லை. இயந்திரத்தை முகத்திலிருந்து பிரித்த பிறகே கழுவ வேண்டும். முகத்து எழுத்தில் பெற்றோல் ஒரு துளி பட்டாலும் எழுத்து போய்விடும். கழுவிக் காய்ந்ததும் மணிக்கூட்டு ஒயில், ஊசி நுனியில் எடுத்து, அச்சு முனைகளுக்கு மட்டும். பல்லுகளுக்கு ஒயில் விடக்கூடாது, தூசி பிடிக்கும். முழு மீற்றரையும் டீசலில் ஊறப்போட்டு எடுக்கிற முறையைச் சிலர் சிபாரிசு செய்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஊறி வந்தவை சில நாள் நன்றாக ஓடிவிட்டு முன்னையிலும் மோசமாக நின்றுபோகும்.

இன்னொன்று, இதைப் பகிடியாக எடுக்கவேண்டாம். அந்தக் காலத்து முகங்களில் இரவில் ஒளிரவென்று பூசிய எண்களும் முள்ளும் இருந்தால், அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிராது, ஏனென்றால் ரேடியத்தோடு கலந்த ஒளிர்பொருள் செத்துவிட்டது. ரேடியம் சாகவில்லை, அது பாதியாகக் குறையவே 1600 வருடம் வேண்டும். பழுப்பு அல்லது பச்சைப் பொருக்காகத் தெரிந்தால் சுரண்டாதேங்கோ, உரசாதேங்கோ, ஊதாதேங்கோ. தூள் உள்ளே போவதுதான் ஆபத்து. கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரத் துணியை விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கோ. முகத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லது. புது எழுத்து அடித்து மினுக்க வேண்டும் என்ற ஆசைக்கு இந்த வகையில் இடமில்லை.

கடற்கரையில் கிடந்த வண்டிகளின் மீற்றர்களைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து மீட்டு வந்த வண்டிகள் இன்னும் வன்னியில் ஓடுகின்றன. எஞ்சினை உயிர்ப்பிக்க முடிந்தது, மண்ணெண்ணெயில் ஓடிப் பழகின எஞ்சின்கள் அவை. மீற்றரை முடியவில்லை. உப்புக் காற்றில் நாக (துத்தநாக) வார்ப்புப் பல்லுகள் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்துவிடும், அலுமினியக் கிண்ணம் ஓட்டை விழும். அப்படிப்பட்டதை உதிரிக்கு மட்டும் வைத்திருங்கோ. வளையம், கண்ணாடி, சில வேளை இலக்க உருளைகள் தேறும்.

சரி, வேறு மீற்றர் வாங்குவதென்றால். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்மித்ஸ் கிடைக்கும். இந்தியாவில் செய்த பிரதிகளும் கிடைக்கும், பார்வைக்கு அச்சு அசல். இரண்டையும் பிரிக்கிற வழி முள்ளின் நடை: குரோனோமெற்றிக் முகத்தைப் போட்டுக்கொண்டு முள் வழுக்கி ஏறினால் உள்ளே காந்தம். பிரதி கூடாது என்றில்லை, அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். விலை மட்டும் அசலின் விலையாக இருக்கக்கூடாது. ஸ்மித்ஸ் முகத்தில் உள்ள குறியீட்டையும் வாசியுங்கோ. எஸ்எஸ்எம் என்று தொடங்கினால் காந்த வேகமானி, ஆர்எஸ்எம் என்றால் எஞ்சின் சுற்று காட்டுவது, அதை வேகமானி என்று விற்பவரும் உண்டு. குரோனோமெற்றிக்குக்கு எஸ் அல்லது எஸ்சி வந்து பிறகு எண். சாய்கோட்டுக்குப் பின்னால் வருகிற எண் வேறானால் முகம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கணக்கு வேறாக இருக்கலாம். கேபிள் பூட்டும் புரியும் குரோனோமெற்றிக்குக்கும் காந்தத்துக்கும் வேறு அளவு, உங்கள் கேபிள் நுனியைக் கொண்டு போங்கோ.

பொடி எழுத்து எண்ணை முகம் மைலா கிலோமீற்றரா என்பதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். மைல் முகத்தில் 1000 என்றால் மைலுக்கு 1000, கிலோமீற்றருக்கு 621தான். கிலோமீற்றர் முகத்தில் 1000 என்றால் மைலுக்கு 1609. ஒரே எண், இரண்டு வேறு மீற்றர். உங்கள் வண்டிக்கு மைல் முகமென்றால் 1600, கிலோமீற்றர் முகமென்றால் 1000. இந்த இரண்டில் எது போட்டாலும் பின்சில்லுப் பெட்டியைத் தொடத் தேவையில்லை. மைல் மீற்றரின் முகத்தை மட்டும் கிலோமீற்றராக மாற்றி எழுதிக் கொடுப்பார்கள், அதற்கு ஏமாறாதேங்கோ. முள் சரியாகக் காட்டும், கீழே இலக்கம் தொடர்ந்து மைலைத்தான் எண்ணும்.

அச்சடித்ததையும் முழுதாக நம்பவேண்டாம், பிரதிகளில் 1600 என்று எழுதி உள்ளே வேறு பல்லு வைத்திருப்பார்கள். கடையிலேயே எண்ணிப் பார்க்கலாம். பத்தில் ஒன்று காட்டும் உருளை உள்ள மீற்றர் என்றால், உள்கம்பித் துண்டு ஒன்றைச் செருகிக் கையால் சுற்றுங்கோ. 1600 மீற்றரில் அந்த உருளை ஒரு இலக்கம் நகர 160 சுற்று, கிலோமீற்றர் 1000இல் 100 சுற்று, ஹொண்டா வகையில் 140. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும், பணம் உங்களுடையது.

ஹொண்டா மீற்றரையே பிஎஸ்ஏக்குச் சரியாக்க ஆசை என்றால் கேபிள் வழியில் 1:1.4 ஏற்றுகிற சிறு கியர்ப்பெட்டி ஒன்று வேண்டும். லேத்தில் செய்யலாம், ஆனால் அதற்குக் கொடுக்கிற காசுக்கு ஸ்மித்ஸைத் திருத்தி முடித்துவிடலாம். உள்ளே எலக்ரோனிக் மோட்டார் வைத்து ஜீபிஎஸ்ஸில் ஓடவிடுகிற வேலையும் இப்போது நடக்கிறது. சரியாகத்தான் காட்டும். எனக்கு அதில் விருப்பம் இல்லை, அப்பப்பாவின் வண்டியில் அதை வைக்க உங்களுக்கும் விருப்பம் இராது என்று நினைக்கிறேன்.

ஆகவே முதலில் கேபிளைக் கழுவி, நீளம் பார்த்து, பழைய ஸ்மித்ஸை அப்படியே பூட்டி மெல்ல ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கோ. மைல் இலக்கம் நகர்ந்து முள் கிடந்தால் மணிக்கூடு திருத்துபவரிடம் கொடுங்கோ, கழுவி ஒயில் விடுவதோடு பெரும்பாலும் எழும்பும். திரும்பப் பூட்டும்போது கண்ணாடிக்குக் கீழே உள்ள றப்பர் வளையம் கல்லாகியிருக்கும், ரியூப்பிலேயே ஒன்று வெட்டிப் போடலாம். மீற்றரைப் பிடிக்கும் தகட்டுக்கும் வண்டிக்கும் இடையில் றப்பர் இருக்க வேண்டும், 350 ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு மணிக்கூட்டுக்கு ஆகாது. உறையின் அடியில் சிறு துளை ஒன்று இருந்தால் அதை அடைக்கவேண்டாம். மாரியில் உள்ளே போகிற ஈரம் வெளியே வர அது ஒன்றுதான் வழி.